விற்கும் வீடு, வாங்கும் வீடு, வாடகை வீடு: எதற்கு எந்தச் சோதனை?

கேள்வி: நானும் என் கணவரும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறியதும் சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிக் குடிவந்தோம். அதற்கு இன்றும் அஸ்பெஸ்டாஸ் கூரைதான். இப்போது அதை விற்று, ஊழியர் சேமநிதிப் பணத்தையும் சேர்த்துக் கொஞ்சம் பெரிய வீடாக வாங்க நினைக்கிறோம். பழைய தோட்டத்து டிவிஷன் இருந்த இடத்தில் 1990களில் எழுந்த தாமான் குடியிருப்பில் ஒற்றைத் தள தெரஸ் (வரிசை) வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். முன்பணம் கட்டாவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார் என்று முகவர் அவசரப்படுத்துகிறார். என் கணவரோ புதிய தாமானில் வாங்கினால் தொல்லை இல்லை என்கிறார். வீட்டைச் சோதிக்க ஆள் வைக்கலாமா என்று கேட்டால், "வங்கியிலிருந்து வந்து பார்ப்பார்கள், கட்டுமானக் குத்தகையாளராக இருக்கும் உங்கள் அண்ணனும் பார்க்கட்டும், அதற்கு மேல் ஏன் வீண் செலவு" என்கிறார்கள். இதற்கிடையே மகன் ஷா ஆலாமில் வேலைக்குச் சேர்ந்து வாடகை வீடு பிடித்திருக்கிறான். வீட்டுச் சோதனையில் எத்தனை வகை உண்டு? எங்களுக்கு எது தேவை?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் நான்கு வீடுகள் இருக்கின்றன. நான்கிலும் உங்கள் குடும்பத்தின் நிலை வேறு வேறு. ஒன்றை நீங்கள் விற்கிறீர்கள், ஒன்றைப் பழைய உரிமையாளரிடம் வாங்க எண்ணுகிறீர்கள், ஒன்றை மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள், நான்காவதில் உங்கள் மகன் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுச் சோதனையின் வகைகள் பிறப்பது இந்த வேறுபாட்டிலிருந்துதான். சுவரும் கூரையும் எங்கும் ஒன்றே என்றாலும், கண்ட குறையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எதைக் கேட்க முடியும் என்பது ஒவ்வொரு நிலையிலும் மாறுகிறது. ஆகவே சோதனையை எப்போது செய்ய வேண்டும், எதை முதலில் தேட வேண்டும் என்பதும் மாறுகிறது. முகவர் நெருக்கும் பழைய தெரஸ் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களுக்குக் கையில் நேரம் குறைவாக இருப்பது அங்கேதான்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வருவார் என்பது உண்மை. அவர் சட்டப்படி பதிவு பெற்ற நிபுணர். அவருடைய வேலையும் நேர்மையான வேலை. ஆனால் அவரிடம் வங்கி கேட்கும் கேள்வி ஒன்றே: நாம் கொடுக்கப்போகும் கடனுக்கு இந்த வீடு ஈடாகுமா? அதற்கு அவர் பரப்பளவையும் அமைவிடத்தையும் அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனைகளையும் பார்க்கிறார். கூரைக்குள் ஏறிச் சட்டங்களைத் தட்டிப் பார்ப்பதோ, குளியலறைச் சுவரின் ஈரத்தை அளப்பதோ அவருடைய பணியில் சேராது. அவருடைய அறிக்கையும் வங்கிக்காக எழுதப்படுவது. உங்கள் அண்ணனின் அனுபவத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழுதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று சொல்வதற்கு அவரைவிடச் சிறந்தவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். இருந்தாலும் விற்பவரிடம் விலை பேசும்போது, வாங்குபவரின் அண்ணன் வாய்மொழியாகச் சொன்னதைவிட, எந்தப் பக்கமும் சாராத ஒருவர் படங்களுடன் எழுதிக் கொடுத்த அறிக்கைக்கே எடை அதிகம். இருவரையும் ஒரே நாளில் அந்த வீட்டுக்கு அழைத்துப் போக முடிந்தால் அதுவே சிறந்த ஏற்பாடு.

பழைய வீட்டை வாங்குபவருக்குச் சோதனை ஏன் மற்ற எல்லாரையும்விட அவசியம் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதிய வீட்டுக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு, அதாவது அதற்குள் தெரியவரும் குறையை அவரே சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டுக்கு அது கிடையாது. பெரும்பாலான மறுவிற்பனை ஒப்பந்தங்களில் வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது என்ற வாசகம் இருக்கும். வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றம் உரிமம் பெற்ற மேம்பாட்டாளருக்கு எதிரான வழக்குகளை மட்டுமே விசாரிக்கிறது. ஒரு தனிமனிதரிடம் வாங்கிய வீட்டின் கூரை மறுமாதமே ஒழுகினாலும் அங்கே போக வழியில்லை. எனவே நீங்கள் கேட்க வேண்டியதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னரே கேட்டு முடிக்க வேண்டியிருக்கிறது.

எனவே முகவர் கேட்கும் முன்பணத்தை உடனே கொடுத்துவிடாதீர்கள். வழக்கமாக விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி விருப்பக் கடிதத்தில் கையெழுத்திடுவார்கள். பிறகு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அது 10 விழுக்காடாக உயரும். அந்த விருப்பக் கடிதத்திலேயே, குறிப்பிட்ட நாளுக்குள் வாங்குபவர் தம் செலவில் வீட்டைச் சோதிப்பார் என்றும், பெருங்குறை தெரியவந்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம் என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு அந்த வரியை எழுதினால் பிற்பாடு வாக்குவாதம் வராது. விற்பவர் அந்த வரியை முற்றாக மறுத்தால், முன்பணத்துக்கு முன்பே சோதனையை முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்காத விற்பனை என்றால், அந்த வீடு வேறு ஆளுக்குப் போவதில் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

இனி அந்த வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கவனம் முதலில் போனது பின்பக்கம் நீட்டிய சமையலறைக்குத்தான். நம் ஊர்களில் தெரஸ் வீடுகளில் நான் காணும் விரிசல்களில் கணிசமானவை இந்த இணைப்பில்தான் தோன்றுகின்றன. மூல வீடு முறையான அடித்தளத்தின்மேல், பொறியாளர் போட்ட வரைபடத்தின்படி எழுப்பப்பட்டது. அதனுடைய அமிழ்வு முதல் சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ முடிந்திருக்கும். அதற்குப் பின் வந்த சமையலறை பெரும்பாலும் மண்ணை இறுக்கி அதன்மேல் தளம் போட்டுக் கட்டப்பட்டது. அது தன் போக்கில் தனியாக அமிழத் தொடங்குகிறது. இரண்டையும் ஓர் இடைவெளி விட்டுப் பிரித்திருந்தால் இணைப்புக் கோட்டில் ஒரு நேர்க்கோட்டு விரிசல் மட்டும் தெரியும். அதை நெகிழும் பசையால் அடைத்துக் கொள்ளலாம். மாறாக, புதிய சுவரை இரும்புக் கம்பியால் பழைய சுவரோடு பிணைத்திருந்தால், அமிழும் சமையலறை மூல வீட்டையும் சேர்த்து இழுக்கும். அப்போது விரிசல் சாய்வாக ஓடும், சன்னல் மூலைகளிலிருந்து கிளம்பும், கதவுகள் சட்டத்தில் உரசத் தொடங்கும்.

விரிசலைக் கண்டதும் அஞ்சவும் வேண்டாம், சாயம் பூசினால் போகும் என்று நம்பவும் வேண்டாம். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலை எங்கள் தொழிலில் பலர் பின்பற்றுகிறோம்: 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் மிகச் சிறியது, 5 மில்லிமீட்டர் வரை சிறியது, 5 முதல் 15 வரை மிதமானது, 15 முதல் 25 வரை கடுமையானது. அகலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, அது இன்னும் வளர்கிறதா என்பதை. விரிசலின் குறுக்கே அண்மையில் மட்டும் பூசப்பட்ட புதுச் சாயம், ஒரே சுவரில் இருவேறு நிறம், அலமாரி நிற்பதற்குப் பொருத்தமில்லாத இடத்தில் நிற்கும் அலமாரி ஆகியவற்றைக் கண்டால் நின்று கேளுங்கள். 5 மில்லிமீட்டரைத் தாண்டிய சாய்வான விரிசல் இருந்தால் பொதுச் சோதனையோடு நிறுத்தாமல், மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். அது தனி வகைச் சோதனை, தனிக் கட்டணம். எல்லா வீட்டுக்கும் அது தேவைப்படாது.

அதே சமையலறையைப் பற்றி இரண்டு கேள்விகளை விற்பவரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். இந்த நீட்டிப்புக்கு நகராண்மைக் கழகத்தில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் உண்டா என்பது முதலாவது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இத்தகைய கட்டுமானத்துக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்குகிறது. அனுமதி இல்லாத பகுதியின் சிக்கல் வீட்டோடு சேர்ந்து புதிய உரிமையாளரிடம் வருகிறது, வங்கி மதிப்பீட்டிலும் அந்தப் பகுதி பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. வரைபடத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். வீடு 2007க்கு முன் எழுந்தது என்பதால், உள்ளாட்சி வழங்கிய பழைய குடிபுகு தகுதிச் சான்றிதழும் அதோடு இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோலும், தனித் தொட்டி உள்ள வீடு என்றால் அந்தச் செப்டிக் டேங்கும் எங்கே இருக்கின்றன என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் சமையலறைத் தரைக்கு அடியில் என்று வருமானால் கவனியுங்கள். செப்டிக் டேங்கில் படியும் கசடை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அகற்ற வேண்டும். ஓடு பதித்த தரைக்கு அடியில் மூடி மறைந்துவிட்டால் அந்த வேலையும் நடக்காது, அடைப்பு ஏற்படும் நாளில் தரையை உடைக்காமல் வழியும் இராது.

பழைய தோட்டத்து நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் பயன்பட்டது. ரப்பர் நிலத்தைத் திருத்தி வீடு கட்டும்போது மரங்களை வெட்டினாலும் வேரும் அடிக்கட்டையும் பல இடங்களில் மண்ணுக்குள் தங்கிவிடுகின்றன. மண்ணடியில் வாழும் கறையானுக்கு அது பல ஆண்டுகளுக்கு உணவு. அது தீர்ந்தபின் நிலைச்சட்டத்தையும் கூரைச் சட்டத்தையும் தேடி வருகிறது. 1990களின் தெரஸ் வீடுகளில் கூரைத் தாங்கி பெரும்பாலும் மரமே. ஆகவே இந்த வீட்டுக்குக் கறையான் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. கதவு நிலையின் அடிப்பகுதியைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரமும் உள்ளே தின்னப்பட்ட மரமும் வேறு வேறு ஓசை தரும். கழுவு தொட்டியின் பின், மின்கம்பி சுவருக்குள் நுழையும் இடம் எங்கும் பென்சில் பருமனில் மண் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். தரை ஓரமாக ஏறக்குறைய ஓரடிக்கு ஒன்றாகச் சிமெண்டால் அடைத்த துளைகள் வரிசையாகத் தெரிந்தால், முன்பே துளையிட்டு மருந்து செலுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அது குறையாகாது, அக்கறையுள்ள உரிமையாளரின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் மருந்து செலுத்திய நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கறையான் சோதனைக்கு அழைப்பவர் பூச்சிக்கொல்லி வாரியத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும்.

கூரையைப் பொறுத்தவரை மழைதான் சிறந்த சோதனையாளர். பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மீண்டும் ஏப்ரல் வாக்கிலும் பிற்பகல் மழை கனத்துப் பெய்யும். அத்தகைய மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள். சிலிங்கில் ஈர வளையம் விரிகிறதா, மூல வீட்டின் கூரையும் சமையலறைக் கூரையும் சந்திக்கும் தகட்டின் கீழ்ச் சுவர் நனைகிறதா, பின்சந்து வடிகால் நீரை எடுத்துப் போகிறதா, வாசலில் நீர் தேங்குகிறதா என்பவை வெயில் நாளில் தெரியாதவை. பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். நீர் ஏறும் தெருவா என்பது அவர்களுக்குத் தெரியும்.

மின்சாரத்தை நான் எப்போதும் தனியாகவே வைத்துப் பேசுவேன், ஏனென்றால் மற்ற குறைகள் பணத்தைத் தின்னும், இது உயிரைத் தின்னும். நீட்டிய சமையலறைக்கும் பின்னாளில் மாட்டிய வெந்நீர்க் கருவிக்கும் குளிரூட்டிக்கும் மூல வீட்டின் பழைய கம்பியிலிருந்தே இணைப்பு இழுத்திருப்பார்கள். எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைத்து மின்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறை விதிகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கான மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரிலும் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானைக் கோருகின்றன. குளியலறை வெந்நீர்க் கருவிக்கு அந்த 10 மில்லி ஆம்பியர் தடுப்பான் இருக்கிறதா என்பது வயர்மேனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இல்லையென்றால் குடிபுகும் முன்பே அதை மாட்டிவிடுங்கள். விலைப் பேச்சின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய விஷயம் அன்று அது.

அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இருக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைக்காதீர்கள். முப்பது ஆண்டை நெருங்கும் எந்த வீட்டுக்கும் பட்டியல் நீளமாகத்தான் வரும். உயிருக்கு ஆபத்தானவை, தள்ளிப்போட்டால் செலவு பெருகுபவை, பார்வைக்கு மட்டும் குறையானவை என்று பிரித்துத் தரும்படி சோதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு பிரிவுகளுக்கும் அண்ணனிடம் செலவுக் கணக்கு வாங்கி, அதை வைத்து விலை பேசலாம், அல்லது சாவி தருவதற்குள் விற்பவரே சரிசெய்து கொடுக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தால் மீதிப் பணம் கைமாறும் முன் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்க்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். வேலை நடந்ததா, குளிரூட்டியும் மின்விசிறியும் சொன்னபடி இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் அந்தச் சிறு சோதனைக்கு அரை மணி நேரம் போதும்.

உங்கள் கணவர் சொல்லும் புதிய வீட்டுக்கு வருவோம். அங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்பது உண்மைதான்; ஆனால் அது தானாக நடந்து வராது. நிலத்தோடு சேர்ந்த வீட்டுக்கு வீட்டு மேம்பாட்டு விதிகள் வகுத்த ஜி அட்டவணை ஒப்பந்தத்தின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளை, நீங்கள் எழுத்து மூலம் தெரிவித்த 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிணையாக நிற்கும். அதில் பாதி 8 மாதத்திலும் மீதி 24 மாதத்திலும் விடுவிக்கப்படும். மேம்பாட்டாளர் 30 நாளில் செய்யவில்லை என்றால், பழுதுக்கு ஆகும் செலவை அவருக்குத் தெரிவித்து மேலும் 14 நாள் கொடுத்து, அதன்பின் நீங்களே செய்துகொண்டு அந்தப் பிணைத் தொகையிலிருந்து செலவைக் கோரலாம். ஆகவே சாவி வாங்கிய உடனே, ஓடு உடைக்கவும் கிரில் மாட்டவும் ஆள் வருவதற்கு முன்பாக, முதல் சோதனை நடக்க வேண்டும். புதுப்பிப்பு வேலை தொடங்கிவிட்டால் இந்த விரிசல் உங்கள் ஆள் போட்டது என்ற பதில் வரும். முதல் தவணை விடுவிக்கப்படும் 8ஆம் மாதத்துக்குள் செய்யப்படாத பழுதுகளின் நிலையைப் பாருங்கள். 24ஆம் மாதம் முடிவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் இன்னொரு முழுச் சோதனை செய்யுங்கள்; இரண்டு மழைக்காலங்களைக் கடந்த வீடு முதல் நாளில் காட்டாத குறைகளை அப்போது காட்டும். முழுச் சோதனையை இந்த இரண்டாம் முறை செய்யாமல் விடுபவர்களே அதிகம் என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. பேசித் தீராவிட்டால் நடுவர் மன்றத்துக்கு 10 ரிங்கிட் கட்டணத்தில் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் மனு பதிவாக வேண்டும்.

விற்கப்போகும் உங்கள் வீட்டுக்கு முழுச் சோதனை வேண்டியதில்லை என்பது என் கருத்து. விற்பதற்கு முன் செய்யும் சோதனையின் பயன், வாங்குபவரின் ஆள் வந்து கண்டுபிடிக்கும் முன்பே நீங்கள் அறிந்து, மலிவாகச் சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்து, மற்றதை விலையில் வைத்துப் பேசுவதே. அதற்கு வயர்மேனும் கறையான் சோதிப்பவரும் ஒருமுறை வந்தால் போதும். ஆனால் தெரிந்த குறையை மூடி மறைத்து விற்காதீர்கள். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், உண்மையை அறிந்தவர் அதைத் தந்திரமாக மறைப்பதும் மோசடிக்குள் அடங்குகிறது. கறையான் தின்ற நிலைக்கு மெழுகடைத்துச் சாயம் பூசி விற்றால் உள்ளது உள்ளபடி என்ற வாசகம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

அஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும் என்று நினைக்கிறேன். உடையாமல், அரிக்காமல், இருந்த இடத்திலேயே இருக்கும் தகடு பெரிய அபாயத்தைத் தருவதில்லை. அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதும் கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலில் தங்குவதே ஆபத்து, அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஆகவே விற்பனைக்கு அழகாக்குகிறோம் என்று அதைத் தேய்த்துச் சாயம் அடிக்கச் சொல்லாதீர்கள். மாற்றுவது என்று வாங்குபவர் முடிவு செய்தால் அத்தகைய வேலையில் பழகிய குத்தகையாளரைக் கொண்டு, நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி முறையாக அப்புறப்படுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். நிலப்பட்டாவையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். மலிவு விலை வீடுகளின் பட்டாவில் மாநில அரசின் இசைவின்றி விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல நேரம் எழுதப்பட்டிருக்கும். அந்த இசைவு கிடைக்க ஆகும் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கும் வீட்டுக்கு நாள் குறித்துவிட்டால், இரண்டு பக்கமும் நெருக்கடியாகும்.

சோதிக்க யாரை அழைப்பது? கட்டட அளவையியல், பொறியியல், கட்டடக் கலை ஆகிய துறைகளில் பயின்றவரா என்று கேளுங்கள். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர் முகவரி நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். கண்ட பழுதைத் தாமே சரிசெய்து தருவதாகச் சொல்பவரை விட்டு விலகுங்கள், ஏனெனில் பட்டியல் நீள நீள அவருக்கு வேலை கூடுகிறது. முகவர் சிபாரிசு செய்யும் ஆளும் வேண்டாம். கட்டணம் சில நூறு ரிங்கிட்டில் தொடங்கி, வீட்டின் பரப்பைப் பொறுத்து உயரும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் ரிங்கிட் கடனை முப்பது ஆண்டு கட்டப்போகும் குடும்பத்துக்கு இதை வீண் செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாங்கிக் குடியேறிய பின் உரிமையாளராக நீங்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு, தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி வந்து கால்வாயையும் குடியிருப்பையும் பார்த்துப் போவது நினைவிருக்கும். தோட்டக் குடியிருப்புகளை வாரந்தோறும் பார்வையிட வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டத்தில் உள்ள கடமை. தாமானுக்கு வந்த பிறகு அப்படிச் சுற்றி வர யாரும் இல்லை. லயத்தில் கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் சொல்லிப் பழகிய நம் குடும்பங்கள் பல, சொந்த வீட்டில் ஒழுகும்போது வாளி வைத்துவிட்டுக் காத்திருப்பதை நான் பார்க்கிறேன். அது அலட்சியம் அன்று, பழகாத பொறுப்பு. மாதம் ஒருமுறை மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துவது, மழைக்காலத்துக்கு முன் கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்வது, ஆண்டுக்கு ஒருமுறை கறையான் சோதனை ஆகியவை போதும். பக்கத்து வீட்டில் இடித்துக் கட்டும் வேலை தொடங்குவதாகத் தெரிந்தால், தொடங்கும் முன்பே பொதுச் சுவரையும் தரையையும் தேதியோடு படம் எடுத்து, ஒரு பிரதியை அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள். பின்னர் விரிசல் வந்தால் பழையதா புதியதா என்ற சண்டைக்கு இடமிராது, உறவும் கெடாது.

உங்கள் மகனுக்கு ஆள் வைத்துச் சோதிக்க வேண்டிய தேவை இல்லை. சாவி வாங்கிய நாளில் அவரே ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும். வாடகைக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் நடைமுறைக்கு வராததால், கையெழுத்திட்டு முத்திரைத் தீர்வை கட்டிய ஒப்பந்தமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வழக்கமாக இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்பாகவும், தண்ணீர் மின்சாரத்துக்கு ஒரு தொகை தனியாகவும் கட்டியிருப்பார். வீட்டைக் காலி செய்யும்போது எழும் தகராறு அந்தப் பணத்தைப் பற்றியே இருக்கும். ஒவ்வோர் அறையையும் சுவர், தரை, சிலிங் என்று படம் எடுக்கட்டும். குழாய்களைத் திறந்து விடட்டும். குளிரூட்டியைப் பதினைந்து நிமிடம் ஓட விடட்டும். மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். உடைந்தவை, இல்லாதவை அனைத்தையும் பொருள் பட்டியலில் எழுதி, ஒரு வாரத்துக்குள் வீட்டு உரிமையாளரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளட்டும். அது அடுக்குமாடி வீடாக இருந்து, மேல்வீட்டிலிருந்து சிலிங்கில் நீர் கசிந்தால், உரிமையாளர் வழியாக நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 7 நாட்களுக்குள் அவர்கள் வந்து சோதித்தாக வேண்டும் என்பது அடுக்குமாடிப் பராமரிப்பு விதி. வெளியேறும் நாளில் அதே பட்டியலோடு உரிமையாளரும் அவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வர வேண்டும். நியாயமின்றி வைப்புத் தொகையைப் பிடித்துக்கொண்டால் 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கை முறையில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். அங்கே முதல் நாள் எடுத்த படங்களும் கையெழுத்தான பட்டியலும்தான் பேசும். அவற்றின் பிரதி ஒன்றை இப்போதே உங்கள் கைப்பேசிக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கட்டட ஆய்வாளர்